வருத்தம் கூடியது வீட்டுக்குத் தெரியும்; ஃபைலுக்குத் தெரியுமா?

"உங்கட வாப்பா பொல்லோடு நடந்து திரிகிறார் என்றுதானே இதில இருக்கு?"

2023ஆம் ஆண்டு பிரதேச செயலகத்தில் ஓர் உத்தியோகத்தர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் இருந்தது என் வாப்பாவின் ஃபைல். அதில் கடைசியாகச் சேர்க்கப்பட்டிருந்த கடதாசி 2018ஆம் ஆண்டுக்குரிய வைத்திய சான்றிதழ். அந்தச் சான்றிதழின்படி அவர் இடுப்பில் அடிபட்டவர், பொல்லின் உதவியோடு நடப்பவர், பாரமில்லாத வேலைகளைச் செய்யக்கூடியவர். நான் அந்த மேசைக்கு முன்னால் நின்ற நாளிலோ வாப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வலது கண்ணின் பார்வையும் மங்கிப் போயிருந்தது. கழிவறைக்குப் போவதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

வாப்பா மேசன். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த பிறகு, நீண்ட காலம் காத்திருந்துதான் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு கிடைத்தது. அதன் பிறகு சீனி வருத்தம் காலில் புண்ணாகி, முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு கால் என்று போனது. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், கடன் வாங்கினோம், துஆ கேட்டோம். கந்தோருக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. "அதுதான் ஏற்கனவே காசு வருகுதே" என்று நினைத்தோம்.

அஸ்வெசும கணக்கெடுப்புக்கு வீட்டுக்கு வந்த தம்பியிடமும் வாப்பா, சாரனைக் கால் மூடும்படி இழுத்து விட்டுக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல மகன்" என்றுதான் சொன்னார். பட்டியல் வந்தபோது எங்கள் குடும்பத்தின் பெயர் அதில் இல்லை.

அந்த உத்தியோகத்தர் மீது எனக்குக் கோபமில்லை. கையிலிருந்த கடதாசியைத்தான் அவர் வாசித்தார். பிழை எங்களுடையது. அந்தப் பிழையை நமது ஊர்களில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் செய்து கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொடுப்பனவு கிடைக்கத் தொடங்கியதோடு விடயம் முடிந்து விடுவதில்லை. வருத்தம் கூடினால் அதையும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காத வரை, அரசாங்கத்தின் கண்ணில் நோயாளி முதல் நாள் இருந்தபடியேதான் இருக்கிறார்.

கூடினால் காசும் கூடுமா?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நேரடியாகவே சொல்லி விடுகிறேன். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு ஒரே தொகைதான். நீண்ட காலம் 5,000 ரூபாவாக இருந்தது. 2024இல் 7,500 ரூபாவாகவும், 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. பொல்லோடு நடப்பவருக்கும் அதே தொகை, படுக்கையில் கிடப்பவருக்கும் அதே தொகை. வருத்தத்தின் கடுமைக்கேற்ப அது ஏறுவதில்லை. இது இந்தத் திட்டத்தின் பெரிய குறைபாடு என்பது என் கருத்து. ஆனால் இன்றுள்ள நிலை அதுதான்.

அப்படியானால் ஏன் போய்ச் சொல்ல வேண்டும்? அந்த 10,000 ரூபா மட்டும்தான் உதவி என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. மற்ற வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது, அஸ்வெசும. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திட்டம் இது. ஒரு குடும்பம் எந்தப் பிரிவில் சேர்கிறது என்பதை கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்துகள், வீட்டு நிலைமை, குடும்ப விபரம் என்ற ஆறு துறைகளில் 22 அளவுகோல்களை வைத்துப் பார்க்கிறார்கள். வீட்டில் நாட்பட்ட நோயாளி இருக்கிறாரா, மாற்றுத்திறனாளி இருக்கிறாரா என்பது அதில் கணக்கெடுக்கப்படுகிறது. ஆகவே ஒருவரின் வருத்தம் அவருடைய தனிப்பட்ட கொடுப்பனவை மாற்றாவிட்டாலும், குடும்பத்தின் பிரிவை மாற்றக் கூடும்.

இரண்டாவது, பொருள் உதவி. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காது கேட்கும் கருவி, கழிவறை வசதி, வீட்டைத் திருத்துவதற்கான உதவி போன்றவை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம், சமூக சேவைத் திணைக்களம் ஆகியவற்றின் ஊடாக வழங்கப்படுகின்றன. "பொல்லோடு நடப்பவர்" என்று ஃபைலில் இருக்கும் ஒருவருக்குச் சக்கர நாற்காலி கொடுக்க எந்த உத்தியோகத்தரும் சிபாரிசு செய்ய மாட்டார்.

மூன்றாவது, நோய் இன்னொரு கட்டத்துக்குப் போகும்போது திறக்கும் உதவிகள். சீனி வருத்தம் சிறுநீரகத்தைத் தாக்கினால் வருமானம் குறைந்த சிறுநீரக நோயாளர்களுக்கான கொடுப்பனவு என்று தனியான ஒன்று இருக்கிறது. பெரிய சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. முன்பு அதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டும். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். தனியார் துறையில் வேலை செய்தவர் நிரந்தரமாக உழைக்க முடியாதவராகி விட்டால், வயது வரும் வரை காத்திராமல் ஊழியர் சேமலாப நிதியைப் பெறவும் சட்டத்தில் இடமுண்டு.

நான்காவது, உயிர். வெள்ளம் வந்தால், சுனாமி எச்சரிக்கை வந்தால், எந்த வீட்டில் எழும்ப முடியாதவர் இருக்கிறார் என்பது கிராம உத்தியோகத்தருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2004ஐக் கண்ட கரையோர மக்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஏன் நாம் சொல்வதில்லை?

கடந்த இரண்டு வருடங்களில் அயலவர்கள் சிலருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் சொல்லாமல் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்பது ஒன்று. எந்த நிலையிலும் அல்லாஹ்வைப் புகழ்வது நமது பண்பு. ஆனால் சுகம் விசாரிப்பவருக்குச் சொல்லும் பதில் வேறு, கடமையில் வந்து விபரம் கேட்கும் உத்தியோகத்தருக்குச் சொல்லும் பதில் வேறு. இரண்டாவது ஒரு சாட்சியம். அதில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஐயூப் நபி (அலை) அவர்கள் பொறுமைக்கே உதாரணமானவர். அவரும் தமக்குத் துன்பம் நேர்ந்து விட்டது என்று தம் இரட்சகனிடம் வாய் திறந்து சொன்னார். தன் நிலையைச் சொல்வது பொறுமையைக் கெடுத்து விடாது.

அடுத்தது பயம். "ஃபைலைத் திறந்தால் உள்ளதும் போயிடும்" என்று ஒரு மாமி சொன்னார். இந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு ஃபைல் மீண்டும் பார்க்கப்படும்போது வருமானம், வீடு, பிள்ளைகளின் தொழில் எல்லாம் பார்க்கப்படலாம். ஆனால் அஸ்வெசும போன்ற திட்டங்களில் மீள்பரிசீலனை நாம் போனாலும் வரும், போகாவிட்டாலும் வரும். அது வரும் நாளில் கையில் இருப்பது பழைய சான்றிதழா, புதிய சான்றிதழா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது வெட்கம். மனநோய், வலிப்பு, சிறுநீர் கட்டுப்படாமை போன்றவற்றை நாம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கிறோம். "மகளுக்குப் பேச்சு நடக்குது, இப்ப இது வெளியே வந்தால் கலியாணம் குழம்பிடும்" என்பார்கள். பெண்கள் ஆண் உத்தியோகத்தர் முன்னால் தங்கள் உடல் நிலையை விபரிக்கத் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானது. அப்படியானவர்கள் ஒரு பெண் உத்தியோகத்தரிடம் பேச வேண்டும் என்று கேட்கலாம். மூடிய உறையில் வைத்தியரின் கடிதத்தைக் கொடுக்கலாம். இத்தாவில் இருக்கும் பெண் வெளியே போகாமல், பிள்ளையிடமோ சகோதரனிடமோ கையொப்பமிட்ட கடிதம் கொடுத்தனுப்பலாம்.

நான்காவது அலைச்சல். படுக்கையில் இருப்பவரை வைத்திருக்கும் மகள் எப்போது கந்தோருக்குப் போவது? முச்சக்கர வண்டிக்கு யார் காசு கொடுப்பது? வருத்தம் கூடக் கூட, அதைப் போய்ச் சொல்லும் சக்தி குறைந்து கொண்டே போகிறது. மிக மோசமான நிலையில் இருப்பவரின் ஃபைல்தான் மிகப் பழையதாக இருக்கிறது என்பதை நான் கண்கூடாகப் பார்த்தேன்.

நோயின் பெயர் போதாது

அறிவிக்கப் போகிறவர்கள் செய்யும் அடுத்த பிழை, நோயின் பெயரை மட்டும் சொல்லி விட்டு வருவது. "சீனி கூடி இருக்கு", "பிரஷர் இருக்கு", "வாதம் வந்தது" என்பார்கள். சீனி வருத்தத்தோடு கடை நடத்துபவர்களும் இருக்கிறார்கள். பெயரைக் கேட்டு ஒருவரின் நிலையை ஊகிக்க முடியாது.

நமது சட்டமே நோயின் பெயரைக் கேட்கவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் யாரை அங்கவீனமுற்றவர் என்கிறது? உடல் அல்லது உளக் குறைபாட்டினால், தன் வாழ்க்கைக்குத் தேவையானவற்றைத் தானாகவே முழுமையாகவோ பகுதியாகவோ செய்து கொள்ள இயலாதவரை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலும் கேட்கப்பட்டவை பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு வைத்திருத்தல், தன்னைத் தானே பராமரித்தல், பிறரோடு தொடர்பாடல் ஆகியவற்றில் உள்ள சிரமங்கள்தான். ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதாவதொரு சிரமம் உள்ளவர்களாக அப்போது பதிவாகினர்.

எனது மச்சான் ஒருவர் இங்கிலாந்தில் வசிக்கிறார். முதுகெலும்பு நோயால் வேலையை விட்டவர். அங்கு 2013 முதல் பிப் என்று அழைக்கப்படும் ஒரு கொடுப்பனவு இருக்கிறது. சமைத்தல், உண்ணல், குளித்தல், உடுத்தல், நடத்தல் என்று பன்னிரண்டு செயல்களில் ஒருவருக்கு எவ்வளவு முடியும் என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். எட்டுப் புள்ளிக்கு ஒரு தொகை, பன்னிரண்டு புள்ளிக்குக் கூடிய தொகை. வருத்தம் கூடினால் அறிவிக்கலாம். அறிவித்தால் முழுவதையும் மீண்டும் பார்ப்பார்கள். கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். அதனால் அவரும் ஒரு வருடம் பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறார். பயம் நமது ஊருக்கு மட்டும் உரியதல்ல.

அவர் எனக்குச் சொல்லித் தந்த ஒரு விடயம் மிகவும் பயன்பட்டது. அங்கு "செய்ய முடியுமா?" என்று மட்டும் பார்ப்பதில்லை. நான்கு கேள்விகள் உண்டு. பாதுகாப்பாகச் செய்ய முடியுமா? ஒழுங்காகச் செய்ய முடியுமா? தேவையான அளவு திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா? நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியுமா? இலங்கையில் இப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும், தன் நிலையை விபரிப்பதற்கு இது நல்ல அளவுகோல். வாப்பாவிடம் "நடப்பீங்களா?" என்று கேட்டால் "நடப்பேன்" என்பார். உண்மை என்னவென்றால், சுவரைப் பிடித்து நான்கு எட்டு வைப்பார், கால் மணித்தியாலம் இருந்து மூச்சு வாங்குவார், இரண்டாம் முறை எழும்ப மாட்டார், மூன்று முறை விழுந்திருக்கிறார். இதை நடப்பது என்று எழுத முடியுமா?

யோசித்துப் பார்த்தால் நமக்கு இது புதியதல்ல. நின்று தொழ முடியாதவர் இருந்து தொழட்டும், அதற்கும் முடியாதவர் படுத்துத் தொழட்டும் என்று நபியவர்கள் (ஸல்) வழிகாட்டினார்கள். அங்கேயும் நோயின் பெயர் கேட்கப்படவில்லை. எது முடியும், எது முடியாது என்பதுதான் கணக்கு. நிலை மாறும்போது சட்டமும் மாறுகிறது.

அதனால் நான் வீடுகளில் இப்படித்தான் கேட்பேன்: "வாப்பா எப்ப இருந்து கதிரையில தொழுகிறார்? எப்ப இருந்து ஜும்ஆவுக்குப் போகல்ல? எப்ப இருந்து தயம்மும் செய்கிறார்?" வருத்தம் எப்போது கூடியது என்று கேட்டால் யாருக்கும் திகதி நினைவில்லை. இப்படிக் கேட்டால் உடனே வருகிறது. "போன நோன்புக்கு முந்தி", "ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு" என்று சரியாகச் சொல்கிறார்கள். கடிதத்தில் எழுத வேண்டிய திகதி அதுதான்.

அறிவிக்கும் முறை

நான் பட்டறிந்து கற்றவற்றை வரிசையாகத் தருகிறேன்.

ஒன்று: கிளினிக் கொப்பியிலிருந்து தொடங்குங்கள். அடுத்த கிளினிக் நாளில் "டொக்டர், முன்பு செய்த இன்ன வேலை இப்போது முடியாது" என்று சொல்லி, அதைக் கொப்பியில் எழுதும்படி கேளுங்கள். வாட்டில் இருந்து வீடு திரும்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டை எறிந்து விடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் திகதி வாரியாக வையுங்கள். போட்டோப் பிரதியைக் கொடுங்கள், மூலப் பிரதியை ஒருபோதும் கையை விட்டு விடாதீர்கள்.

இரண்டு: ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். எத்தனை முறை விழுந்தார், யார் குளிப்பாட்டினார், இரவில் எத்தனை முறை எழுப்பினார் என்பவை. வலிப்பு, மனநோய் போன்றவற்றில் ஒரு நாள் நன்றாக இருப்பார், மறுநாள் மோசமாக இருப்பார். உத்தியோகத்தர் பார்க்க வரும் நாள் நல்ல நாளாக அமைந்து விட்டால் குறிப்புத்தான் கைகொடுக்கும்.

மூன்று: வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். பிரதேச செயலாளருக்கு முகவரியிட்டு, சமூக சேவை உத்தியோகத்தருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி போடுங்கள். நீண்ட கடிதம் தேவையில்லை. நான் எழுதிக் கொடுக்கும் மாதிரி இது:

"நான் …… கிராம உத்தியோகத்தர் பிரிவில் வசிக்கும் ……, தேசிய அடையாள அட்டை இலக்கம் ……. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவைப் பெற்று வருகிறேன். கடைசியாக எனது நிலைமை …… ஆம் ஆண்டில் பதியப்பட்டது. …… மாதம் முதல் எனது நிலைமை மோசமடைந்துள்ளது. முன்பு பொல்லோடு நடந்த நான் இப்போது உதவியின்றி எழும்ப முடியாதுள்ளேன். குளிப்பதற்கும் கழிவறைக்குச் செல்வதற்கும் இன்னொருவரின் உதவி தேவை. வைத்திய அறிக்கைகளின் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன. இம்மாற்றத்தை எனது கோவையில் பதிந்து, எனது குடும்பத்தின் அஸ்வெசும விபரங்களையும் புதுப்பித்து, எனக்கு உரித்தான ஏனைய உதவிகளையும் அறியத் தருமாறு கேட்டுக் கொள்கிறேன்."

கடைசி வசனம் முக்கியம். எந்த உதவி இருக்கிறது என்று நமக்குத் தெரியாவிட்டாலும், சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களிடம் போகிறது.

நான்கு: இரண்டு பிரதிகள் கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். போக முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். எழுத்தின் பெறுமதியை நாம் வேறு எவரிடமும் கற்கத் தேவையில்லை.

ஐந்து: நடக்க முடியாதவரைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்குப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும்படி கடிதத்திலேயே கேளுங்கள். வரும் உத்தியோகத்தர் முன்னால் நோயாளி வழமைபோல் இருக்கட்டும். சாரனை இழுத்து மூட வேண்டாம், நன்றாக நடப்பதாகக் காட்டவும் வேண்டாம். இல்லாததைக் காட்டவும் வேண்டாம்.

பதில் வராவிட்டால்

ஒரு மாதம் பார்த்து விட்டு, முத்திரை குத்திய பிரதியோடு மீண்டும் போங்கள். அப்போதும் "மேலிடத்துக்கு அனுப்பி விட்டோம்" என்ற பதில் மட்டும் கிடைத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். "எனது கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? எனது ஃபைலில் என் நிலைமை எவ்வாறு பதியப்பட்டுள்ளது?" என்ற இரண்டு கேள்விகள் போதும். தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். என் அனுபவத்தில், இந்தக் கடிதம் போன பிறகு பல ஃபைல்கள் தாமாகவே அசைகின்றன.

அஸ்வெசும பட்டியலில் பெயர் இல்லை என்றால், அல்லது பிழையான பிரிவில் இருந்தால், மேன்முறையீட்டுக்குக் காலம் அறிவிக்கப்படும். அந்தக் காலத்தைத் தவற விடாதீர்கள். "எமக்குத் தரவில்லை" என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. எந்த விபரம் பிழையாகப் பதியப்பட்டது, சரியான விபரம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று எழுத வேண்டும். 2023இல் எங்கள் மேன்முறையீட்டில் அதைத்தான் செய்தோம். பல மாதங்கள் எடுத்தன, ஆனால் பதிவு திருத்தப்பட்டது. சக்கர நாற்காலியும் கிடைத்தது. சொல்லாமல் விட்ட காலத்துக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. அது போனது போனதுதான்.

பெரும்பான்மையினர் வாழும் பகுதிகளில் இருக்கும் நம் மக்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டின் எந்தப் பகுதியிலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. சிங்களத்தில் எழுதத் தெரியவில்லை என்பதற்காக ஒரு நோயாளியின் கடிதம் வீட்டிலேயே கிடக்கக் கூடாது.

மறு பக்கமும் உண்டு

வருத்தம் கூடினால் சொல்ல வேண்டும் என்று எழுதும் நான், மற்றதையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையல்ல. சிகிச்சையால் நிலைமை தேறி வேலைக்குப் போகத் தொடங்கியவர் அதையும் அறிவிக்க வேண்டும். கொடுப்பனவு பெற்றவர் மௌத்தாகி விட்டால் உடனே கிராம உத்தியோகத்தருக்குச் சொல்ல வேண்டும். ஜனாஸா அடக்கிய பிறகும் அவருடைய பெயரில் காசு எடுப்பது, காத்திருப்போர் பட்டியலில் நிற்கும் இன்னொரு நோயாளியின் வாயிலிருந்து பிடுங்குவது. இல்லாத நோயைச் சொல்லி எடுத்த வைத்திய சான்றிதழும் அப்படித்தான். அந்த ஒரு பொய்யினால், உண்மையான நோயாளிகள் பத்துப் பேர் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறார்கள்.

பள்ளிவாசல்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது கந்தோருக்குத் தெரிவதில்லை. கால் வெட்டிய வாட்டிலிருந்து பிரதேச செயலகத்துக்குத் தானாக ஒரு செய்தி போகும் ஏற்பாடு இருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையிருக்காது. அந்த ஏற்பாட்டைக் கேட்பது நமது மக்கள் பிரதிநிதிகளின் வேலை. வருத்தத்தின் கடுமைக்கேற்பக் கொடுப்பனவைத் தரப்படுத்த வேண்டும் என்று கேட்பதும் அவர்களுடைய வேலை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. சமூகப் பாதுகாப்பு அதில் ஓர் உரிமையாகவே சொல்லப்பட்டுள்ளது.

ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஸகாத் கொடுப்பதற்குப் பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு நிரலைக் கூட்டினால் போதும்: இந்த வீட்டில் நோயாளியின் நிலை கடைசியாக எப்போது அரச பதிவில் புதுப்பிக்கப்பட்டது? கேட்காமலே ஒதுங்கியிருப்பதால் அறியாதவர்கள் செல்வந்தர் என்று எண்ணிக்கொள்ளும் ஏழைகளைப் பற்றிக் குர்ஆன் பேசுகிறது. அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது நிர்வாகத்தின் கடமை. கம்பியூட்டரில் தமிழ் டைப் பண்ணத் தெரிந்த இரண்டு பிள்ளைகள், மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒரு மேசை, ஒரு கதிரை. ஊரிலுள்ள ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இதற்குப் பெரிய செலவில்லை. நோய்வாய்ப்பட்டவரைச் சுகம் விசாரிக்கப் போகும்போது பழத்தோடு ஒரு பேனையையும் கொண்டு போங்கள் என்று குத்பாவில் ஒரு முறை சொன்னாலே பலன் கிடைக்கும்.

வாப்பா இப்போது இல்லை. மௌத்தான மறு வாரம் அவருடைய ஃபைலை மூடுவதற்காக மரண அத்தாட்சிப் பத்திரத்தோடு அதே கந்தோருக்குப் போனேன். அதே உத்தியோகத்தர்தான் இருந்தார். ஃபைலைப் புரட்டிப் பார்த்து விட்டு, "கடைசிக் காலத்தில எல்லாம் ஒழுங்கா இருக்கு தம்பி" என்றார். கடைசி ஒன்றரை வருடத்துக்கான கடதாசிகள் எல்லாம் அதில் திகதியோடு இருந்தன. அதற்கு முந்திய ஐந்து வருடங்களுக்கு ஒரு துண்டுகூட இல்லை.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருக்கக் கூடும். அவருடைய ஃபைலில் கடைசியாக என்ன எழுதியிருக்கிறது என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தையும், அவர்களைப் பார்ப்பவர்களுக்கு உடல் பலத்தையும் தருவானாக.